பொது இடங்களில் வெறுங்காலுடன் நடப்பது: மலையில் வாழ்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கோத்தகிரி நடையர் (தொடக்கப் பதிவு)

நான் கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். கடந்த ஜனவரியில் எங்கள் படுகர் குலதெய்வமான பேரகணி ஹெத்தையம்மனின் திருவிழாவுக்காக விரதமிருந்து, வழக்கப்படி வெள்ளுடை அணிந்து, காலணி இல்லாமல் நடந்தேன். விழா முடிந்து வீடு திரும்பிய பிறகு, வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தபோது அதை மறுபடி மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அன்று முதல் இன்று வரை சந்தைக்கும் வங்கிக்கும் நூலகத்துக்கும் பேருந்திலும் வெறுங்காலுடன்தான் சென்று வருகிறேன்.

இதில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாசி பிடித்த கல் எது, வெறுமனே நனைந்த கல் எது என்பதை இப்போது கண்ணுக்கு முன்பே கால் சொல்லிவிடுகிறது. சில்வர் ஓக் சருகின் மேல் நடப்பதும் கற்பூர மரச் சருகின் மேல் நடப்பதும் ஒன்றல்ல என்பதை அறுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். பாதமும் நன்றாக உரமேறிவிட்டது. போன வாரம் தேயிலைக் காட்டில் குத்திய முள்ளை மாலையில் கால் கழுவும்போதுதான் கவனித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனிதர்களோடுதான் சிக்கல். குன்னூரில் ஓர் உணவகத்தில் நுழைந்தபோது, பரிமாறும் பையன், காலில் ஏதேனும் அடிபட்டிருக்கிறதா என்று அன்போடு விசாரித்தான். உரிமையாளரோ, மற்ற வாடிக்கையாளர்கள் சங்கடப்படுவார்கள் என்று கூறி, பொட்டலமாக வாங்கிச் செல்லும்படி கேட்டுக்கொண்டார். அதே உணவகத்தில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கறுப்பு வேட்டியும் துளசி மணி மாலையும் அணிந்த ஐயப்ப பக்தர்கள் இருபது பேர் வெறுங்காலுடன் வந்து அமர்வதையும், அதே உரிமையாளர் எழுந்து நின்று அவர்களை 'சாமி' என்று வரவேற்பதையும் நானே பார்த்திருக்கிறேன். கழுத்தில் மாலை இருந்தால் பக்தி, இல்லாவிட்டால் வறுமை அல்லது பித்து என்று ஒரே பாதத்துக்கு இரண்டு பொருள் எப்படி வந்தது? பொது இடத்தில் வெறுங்காலுடன் நடப்பதில் உண்மையிலேயே தவறு ஏதும் உண்டா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பந்தலூர்ச் செவிலி

ஐயா, வணக்கம். கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் கிராமச் சுகாதாரச் செவிலியராக நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கு நீலகிரி முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஏனென்றால் உங்கள் ஊர் மண்ணும் எங்கள் ஊர் மண்ணும் வேறு.

நான் சொல்வது கொக்கிப்புழுவைப் பற்றி. நோயுள்ளவரின் மலத்தோடு வெளியேறும் முட்டை, வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது. வெறுங்கால் அந்த மண்ணில் பட்டவுடன் புழு உள்ளே ஏறுகிறது. கால்விரல் இடுக்கில் அரிப்பு வரும். எல்லோரும் அதைச் சேற்றுப்புண் என்று எண்ணி மஞ்சள் பூசிக்கொள்வார்கள். புழு இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாக இறங்கிக் குடலில் கொக்கி போட்டுக்கொள்ளும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிக்கும் இரத்தம் ஒரு துளிக்கும் குறைவுதான். ஆனால் குடலில் இருப்பவை நூற்றுக்கணக்கில், அவை அங்கே வாழ்வதும் ஆண்டுக்கணக்கில். கொழுந்து பறிக்கும் பெண்களில் மூச்சு வாங்குகிறது, படியேற முடியவில்லை என்று வந்தவர்களின் கண்ணிமையைக் கீழிறக்கிப் பார்த்தால் வெளுத்திருக்கும். பாதி இரத்தசோகைக்குக் காரணம் தட்டில் உள்ள உணவு என்றால், மீதிக்குக் காரணம் காலுக்குக் கீழே இருந்தது.

உதகை, கோத்தகிரிக் குளிரில் இந்த முட்டை பொரிந்து வளர்வது கடினம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், மழையும் வெப்பமும் கலந்த கூடலூர்ப் பக்கத்தில் அது எளிது. சென்னை மாகாணத்தில் 1920களில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு நடந்த கொக்கிப்புழு ஒழிப்புப் பணியில் தோட்டத் தொழிலாளர்கள் மீது தனிக் கவனம் வைத்ததும் இதனால்தான். இன்றும் ஆண்டுக்கு இருமுறை தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறோம்.

ஆனால் வெறுங்கால் இந்த நோயை உண்டாக்குவதில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும், கழிப்பறை இல்லாத லைன் வீடுதான் உண்டாக்குகிறது. மண் தூய்மையாக இருந்தால் கால் தூய்மையாகவே இருக்கும்.

கடைசியாக ஒன்று. முள் குத்தியது மாலையில்தான் தெரிந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். உங்களுக்குச் சர்க்கரை உண்டா?

குன்னூர் இயன்முறை

நான் இயன்முறை சிகிச்சையாளன். வெறுங்காலுக்கு ஆதரவாகவும் சான்று இருக்கிறது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ராவ், ஜோசப் என்ற இரு எலும்பியல் மருத்துவர்கள் நம் நாட்டுக் குழந்தைகள் 2300 பேரின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் தட்டைப் பாதம் 8.6 விழுக்காடு, வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காடு. செருப்பு அணிந்தவர்களைவிட, விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். பாத வளைவு உருவாகும் வயதில் அதன் தசைகளுக்கு வேலை வேண்டும் என்பதே இதன் பொருள். மூன்று வயதுப் பிள்ளைக்கு இறுக்கமான பூட்ஸ் மாட்டி, மாலில் நடக்க விடுகிற பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

செவிலியர் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாதம் உரமேறினால் உணர்வு மங்கும் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். கென்யாவில் வெறுங்காலுடன் வாழ்பவர்களையும் காலணி அணிபவர்களையும் ஒப்பிட்டு 2019இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியது. வெறுங்கால்காரர்களின் தோல் தடித்திருந்தது. ஆனால் தரையை உணரும் திறன் குறையவில்லை. காலணியின் மெத்தையும் உள்ளங்காலின் காய்ப்பும் ஒன்றல்ல. காய்ப்பு கெட்டியானது, ஆகவே அழுத்தத்தை அப்படியே நரம்புக்குக் கடத்துகிறது. எனவே, ஐயா, நீங்கள் முள்ளை உணராததற்கு உரமேறிய தோலைக் காரணமாகச் சொல்வது சரியாக இருக்காது. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் கிருமியால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமல் போனதால் மீண்டும் மீண்டும் காயப்பட்டே அழிகின்றன என்று நிறுவினார். அவர்களுக்காக மென்மையான காலணிகளை உருவாக்குவதில் அவரும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். இன்று நீரிழிவு நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படும், நுண்ணறை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பும் அந்த வழியில் வந்ததுதான். வெறுங்காலுடன் நடப்பதற்கு ஒருவருக்கு முதலில் வேண்டியது வலி. அது இல்லாதவர் வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது.

கொழுந்துக்கூடை

ஆசிரியர் ஐயாவின் பதிவைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மன்னிக்கவும்; ஆனால் அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

என் பாட்டி, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. என் அம்மா கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தார். அவருடைய பாதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கவாத்து வெட்டிய மலையில் தரையெங்கும் மிலாறு, அதாவது வெட்டுப்பட்ட தேயிலைக் குச்சி, கிடக்கும். ஒவ்வொரு குச்சியும் சாய்வாக வெட்டப்பட்டு ஈட்டி முனை போல நிற்கும். மழைக்காலத்தில் அட்டை. உப்பையும் புகையிலைத் தூளையும் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் மலைக்குப் போவார். அட்டை கடித்தால் வலி தெரியாது, இரத்தம் உறையாது. மாலையில் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்க்கும்போது கணுக்கால் வரை சிவந்திருக்கும். குதிகாலில் பித்தவெடிப்பு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும், அதில் மெழுகை உருக்கி ஊற்றுவார். அதைச் செய்யும்போது நாங்கள் பிள்ளைகள் வெளியே போய்விடுவோம்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் இயற்றப்பட்டது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கத் தொழிலாளிக்குக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைக் கொடுக்கச் செய்ய அதில் வழி இருந்தது. அந்த வரிசையில் காலணி என்ற சொல் இருக்கவில்லை. தலை நனையக் கூடாது என்று நினைத்தவர்கள் கால் என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. அலுவலக வாசலில் சம்பளம் வாங்க நிற்கும்போது, இருந்த ஒரு ஜோடி ஹவாய் செருப்பையும் ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான் அம்மா நிற்பார். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. எல்லோரும் கழற்றினார்கள், அவரும் கழற்றினார்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்த ஷூவை அம்மா ஒரு நாள் இரவு தன் காலில் வைத்து அளந்து பார்த்ததை நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். உங்களுக்கு வெறுங்கால் ஒரு கண்டுபிடிப்பு, ஐயா. உங்கள் செருப்பு வாசலில் கிடக்கிறது, வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம். அந்த உணவக உரிமையாளர் உங்களைப் பார்த்துச் சங்கடப்பட்டது, உங்களை எங்களில் ஒருவர் என்று எண்ணியதால்தான்.

உதகை வழக்குரைஞர்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். பொது இடத்தில் குடிமகன் காலணி அணிந்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் ஏதுமில்லை. செருப்பணிந்து வண்டி ஓட்டினால் அபராதம் என்ற வதந்தி 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தையொட்டிப் பரவியபோது, மத்திய அமைச்சர் நிதின் கட்காரியின் அலுவலகமே அப்படி ஒரு விதி இல்லை என்று மறுத்தது.

ஆனால் 'பொது இடத்தில் காலணி' என்பதை நம் சட்டம் ஓரிடத்தில் வெளிப்படையாகப் பேசுகிறது. பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், பொது இடங்களில் காலணியோ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் செல்வதையும் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதாவது, வெறுங்காலுடன் நடக்கும் உரிமையைக் கேட்டு யாரும் நாடாளுமன்றம் வரை செல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்போடு தெருவில் நடக்கும் உரிமைக்குத்தான், குடியரசாகி 65 ஆண்டுகள் ஆன பிறகும், தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. கொழுந்துக்கூடை எழுதியதற்கும் ஆசிரியர் கேட்டதற்கும் நடுவில் இருப்பது இந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வட்டக்கானல் வழிகாட்டி

ஆசிரியர் சாருக்குப் பழனி மலைப் பக்கத்திலிருந்து வணக்கம். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவி என்றொரு ஊர் இருக்கிறது. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற காட்சிமுனை வழியாக இறங்க வேண்டும். அந்த ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரையே கோயிலாக எண்ணுகிறார்கள். நான் அழைத்துச் செல்லும் பயணிகளிடம் ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். சிலர் பத்து அடி நடந்ததும் கல் குத்துகிறது என்பார்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ஷூவைச் சுமந்துகொண்டு, தலையில் காப்பிக் கொட்டை மூட்டையோடு வெறுங்காலில் ஏறிவரும் பாட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஊர் வேறு, காடு வேறு. இறங்கும் பாதையில் நான் யாரையும் செருப்பைக் கழற்ற விடுவதில்லை. எங்கள் சோலைகளில் குழிவிரியன் இலையோடு இலையாகச் சுருண்டு கிடக்கும். நாம் மிதிக்கும் வரை அது நகராது.

பாம்பைவிட எனக்குப் பெரிய அச்சம் கண்ணாடிச் சில்லு. பயணிகள் காட்சிமுனையில் குடித்துவிட்டுப் பாறையில் அடித்து உடைக்கும் பாட்டில் அடுத்த மழையில் பாதைக்கு வந்துவிடும். உங்கள் நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்களே, அது உயர்நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு. யானை உள்ளிட்ட விலங்குகளின் காலில் கண்ணாடி ஏறியதுதான் முதல் காரணம். மலையில் முழுநேரமும் வெறுங்காலுடன் நடப்பவை அவைதாம். மனிதக் கால்களுக்காக அந்த 10 ரூபாயை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

காவடிக்கால்

நான் தாண்டிக்குடிக்காரன். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பதினோரு முறை நடந்திருக்கிறேன். மாலைக்காரர்களுக்குக் கிடைக்கும் மரியாதை பற்றி ஆசிரியர் எழுதியது உண்மை. ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு கெடு உண்டு. மாலையைக் கழற்றிய மறுநாள் நானும் வெறுங்காலுடன் வங்கிக்குப் போனால் காவலாளி மேலும் கீழும் பார்ப்பார்.

அனுபவமாகச் சொல்லத்தக்கது, மண்ணில் நடக்கும் காலும் தாரில் நடக்கும் காலும் வேறு வேறு என்பதே. மலைப்பாதையில் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டன்சத்திரம் சாலையில் பகல் பதினோரு மணிக்கு மேல் தார் கொதிக்கும். அதனால்தான் பாத யாத்திரைக்காரர்கள் இரவில் நடந்து பகலில் படுக்கிறார்கள். கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. ஊசியில் நூல் கோத்து நீரை மட்டும் வடித்துத் தோலை அப்படியே விட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடிவாரம் வந்த பிறகு 693 படி ஏறுவது கடினமே இல்லை. கல்படி குளிர்ச்சியாக இருக்கும்.

பந்தலூர்ச் செவிலி

ஊசி நூல் முறையை அருள்கூர்ந்து யாரும் பின்பற்ற வேண்டாம். நூல் வழியே கிருமி உள்ளே போகும். நடப்பவர்கள் டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குந்தா வாசகர்

எத்தியோப்பியாவில் செம்மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்கு யானைக்கால் போல வீக்கம் வருகிறது என்று படித்தேன். நம் மலையும் செம்மண்தானே?

குன்னூர் இயன்முறை

நிறம் ஒன்றுதான், மண் வேறு. அங்கே எரிமலைப் பாறை சிதைந்து உண்டான களிமண்ணின் நுண்துகள்கள் தோல் வழியே நிணநீர் நாளங்களில் புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. கொசுவால் பரவும் யானைக்கால் நோய் அன்று அது. நீலகிரியின் பாறை சார்னோகைட். அது மழையில் கரைந்து சிதைந்த மண்ணே நம் செம்மண். எரிமலை மண் அன்று.

கோத்தகிரி நடையர்

பத்து நாட்களாக நான் எதுவும் எழுதவில்லை. முதலில் கொழுந்துக்கூடைக்கு. நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையில்லை. நான் பள்ளியில் இருந்த காலத்தில் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை ஆகியவற்றை வழங்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. பூட்ஸின் அளவு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையின் காலையும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அந்தப் பிள்ளையின் தாய்க்குச் செருப்பு இருக்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உணவக உரிமையாளர் மீது எனக்கு இருந்த மனத்தாங்கலைப் பற்றியும் யோசித்தேன். அவர் என்னை அவமதித்தார் என்று நான் கருதியதற்குள், என்னைப் போய் அப்படி எண்ணிவிட்டாரே என்பதும் இருந்தது.

அடுத்து, செவிலியர் அம்மாவுக்கு. உங்கள் கேள்விக்கு அன்றே விடை எழுதியிருக்க வேண்டும். எழுதத் தயக்கமாக இருந்தது. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை எடுக்கிறேன், கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைத்திருந்தேன். போன வாரம் மருத்துவமனைக்குச் சென்றேன். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தொடும்போது சொல்லுங்கள் என்றார்கள். வலது காலில் எல்லா இடத்திலும் சொன்னேன். இடது காலில் பெருவிரலின் அடியிலும் அதற்குக் கீழேயும் அவர்கள் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. முள் குத்தியிருந்ததும் அங்கேதான்.

கல்லுக்குக் கல் வேறுபாடு தெரிகிறது என்று இங்கே எழுதினேன். தெரிந்தது வலது காலுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த ஜனவரியில் ஹெத்தைக்கு எப்படி நடப்பது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும்.

பந்தலூர்ச் செவிலி

எழுதியதற்கு நன்றி, ஐயா. தினமும் இரவில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல் கிடந்தாலும் உங்கள் இடது கால் சொல்லாது. வெந்நீரில் காலை வைக்க வேண்டாம்.

வட்டக்கானல் வழிகாட்டி

சார், வெள்ளகவிக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எம்.சி.ஆர். செருப்போடு உள்ளே வரலாமா என்று ஊரில் கேட்டுவிடுகிறேன். அவர்கள் வேண்டாம் என்றால், எல்லையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு ஏறிவிடலாம்.

கொழுந்துக்கூடை

ஐயா, நான் கடுமையாக எழுதிவிட்டேன் என்று அம்மா திட்டினார். இந்த இழை முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நைலான் இழை பற்றிய பகுதியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது; காலை யாரும் சோதித்ததில்லை. திங்கட்கிழமை அழைத்துச் செல்கிறேன். அந்தச் செருப்பை எங்கே அளவெடுத்துச் செய்கிறார்கள், என்ன விலை என்று தெரிந்தவுடன் இங்கே எழுதுங்கள். அம்மாவின் கால் அகலம்; கடையில் விற்கும் எந்த அளவும் அவருக்குப் பொருந்தியதில்லை.